இங்க வாடா, காட்றேன்

ஆன்சைட்ல ஜெர்மனிக்கு ஆணி புடுங்கப் போயிருந்தப்ப, ஒரு வீக்கெண்டு ஃப்ளோரன்ஸ் போயிட்டு வந்தேன். ரெண்டே நாள். தெருவுல படம் வரையுறவங்க, வயலின் வாசிக்கிறவங்கன்னு ஊரே திருவிழா மாதிரி இருந்துச்சு. டேவிட் சிலை இருக்கிற மியூசியத்துல எல்லாரும் நேரா அதுகிட்ட ஓட, நான் வழியில மைக்கேலாஞ்சலோவோட 'கைதிகள்' பக்கமே நின்னுட்டேன். முடிக்காம விட்ட சிலைங்க. பாதி உடம்பு பளிங்குக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்குது. உளித்தடம் வரிவரியா தெரியுது. போட்டோ எடுத்து நண்பன் ஒருத்தனுக்கு அனுப்பினேன்.

"இதுக்கா அவ்ளோ தூரம் போன? இங்க வாடா, காட்றேன்"னு பதில் வந்துச்சு.

அவனும் நானும் நெம்மேலியில ஒண்ணா வளர்ந்தவங்க. ப்ளஸ் டூ முடிச்சு நான் இன்ஜினியரிங், அவன் மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி. 1957ல ஆரம்பிச்சது. குமரி வள்ளுவர் சிலையைச் செஞ்ச கணபதி ஸ்தபதி பல வருஷம் முதல்வரா இருந்த இடம். இதெல்லாம் அப்ப எனக்கு எங்க தெரியும்? "கல்லு தட்டியா பொழைக்கப் போற?"ன்னு அவங்கம்மா முன்னாடியே கேட்டு வச்சேன். அதுக்கப்புறம் அவன் பட்டறைப் பக்கமே போனதில்ல. இத்தனைக்கும் ஈசிஆர்ல பஸ் ஏறினா கொஞ்ச நேரம்தான்..

போன ஞாயிறு போனேன்.

ஒத்தவாடைத் தெருவுல வெள்ளைக்காரங்க கூட்டம், மீன் வறுவல் வாசனை, எங்கிருந்தோ கிரைண்டர் சத்தம். அர்ச்சுனன் தபசுகிட்டகூட நிக்க விடாம, பாதியில விட்ட ஒரு குடைவரைக்குக் கூட்டிட்டுப் போனான். ஸ்கூல் டூர்ல வெறும் பாறைன்னு தாண்டிப் போன இடம். சுவத்துல கட்டம் கட்டமா கோடு. கோட்டைப் பள்ளமா வெட்டிக்கிட்டு, நடுவுல துருத்திக்கிட்டு நிக்கிறதைத் தட்டி எடுப்பாங்களாம். அப்புறம் மறுபடி கட்டம், மறுபடி தட்டு. "இவ்ளோதான் டெக்னிக். பளிங்கை விட இது கெட்டிக் கல்லுடா"ன்னான். 1300 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் அன்னிக்கு வேலையை முடிச்சிட்டுப் போன இடம் அப்படியே இருக்கு. கையை வச்சுப் பார்த்தேன். சொரசொரன்னு இருந்துச்சு.

பட்டறையில ஒரு பிள்ளையார் பாதி முடிஞ்சு நின்னார். மொத்தமா வெட்டுறதுக்கு மிஷின், கண்ணு, நகத்துக்கெல்லாம் உளிதான். கிரைண்டரைப் போட்டதும் ஒரே வெள்ளைப் புழுதி. மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு வேலை செய்யறான். நிறுத்தினதும் இருமினான். ரொம்ப நேரம் இருமினான். கருங்கல் தூசி நுரையீரல்ல படிஞ்சா திரும்பச் சரி பண்ண முடியாதுன்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"மாஸ்க் போட மாட்டியா?"

"கண்ணாடில ஆவி படிஞ்சுடுதுடா. அளவு தப்புனா தும்பிக்கை போயிடும்."

டீ குடிக்கும்போது, "அன்னிக்கு உங்கம்மாகிட்ட நான்.."னு ஆரம்பிச்சேன்.

"அத விடு, அம்மா இன்னும் சொல்லிக் காட்டும்"னு சிரிச்சான். கூடவே இருமலும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபில்டர் வச்ச மாஸ்க் ரெண்டு ஆர்டர் பண்ணி அனுப்பினேன். புதன்கிழமை போய்ச் சேர்ந்துடுச்சு. போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்புடான்னு கேட்டதுக்கு, பிள்ளையாருக்கு மாட்டி எடுத்து அனுப்பியிருக்கான் :-)

அடுத்த ஞாயிறு மறுபடியும் போறேன்.