கடைசிப் பக்கத்தைக் கவனிங்க: வெப்சைட்டுக்கு வந்தவர் ஏன் திரும்பி வருவதில்லை?



வழக்கமா சுகர், பிபி, தடுப்பூசின்னு எழுதுற டாக்டர் இன்னைக்கு வெப்சைட் பற்றி எழுதுறாரேன்னு பார்க்காதீங்க. ரெண்டுக்கும் கேள்வி ஒண்ணுதான்.

ஒரு தடவை வந்தவர் மறுபடி வருவாரா, மாட்டாரா?

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது தினசரிக் கேள்வி. பிபி மாத்திரை வாங்கிட்டுப் போனவர் அடுத்த மாசம் வரலைன்னா, ஆறு மாசம் கழிச்சு ஒரு பக்கம் கை கால் விழுந்து ஸ்ட்ரெச்சரில் வருவார். அதனால இதைப் பற்றி நாங்க கொஞ்சம் அதிகமாவே யோசிச்சிருக்கோம்.

நீளமான த்ரெட். டீயை வச்சுக்கிட்டுப் படிங்க.

முதலில் ஒரு ஆராய்ச்சி.

கொலனோஸ்கோப்பி கேள்விப்பட்டிருப்பீங்க. ஆசனவாய் வழியாக கேமரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்தி, பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. யாரும் ஆசைப்பட்டு வந்து படுக்க மாட்டாங்க. ஆனா சிலருக்கு சில வருடம் கழித்து மறுபடியும் செய்தாக வேண்டியிருக்கும். முதல் தடவை பட்ட அவஸ்தை ஞாபகம் இருந்தா வருவாங்களா?

கனடாவைச் சேர்ந்த டாக்டர் டொனால்ட் ரெடல்மையரும், 2002-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய உளவியலாளர் டேனியல் கானமனும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். 2003-ல் ‘பெயின்’ மருத்துவ இதழில் வெளியானது.

682 நோயாளிகள். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு.

ஒரு பிரிவுக்கு வழக்கமான பரிசோதனை. இன்னொரு பிரிவுக்கு, எல்லாம் பார்த்து முடிச்ச பிறகும் குழாயை உடனே உருவாமல், நுனியை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளேயே விட்டு வைத்து, அப்புறம் எடுத்தார்கள்.

நல்லா கவனிங்க. இரண்டாவது பிரிவுக்குக் கஷ்டப்பட்ட மொத்த நேரம் கூடுதல். ஆனா கடைசி நேரத்தில் வலி குறைவு.

பிறகு கேட்டபோது, முழு அனுபவமும் எவ்வளவு மோசம் என்பதற்கு முதல் பிரிவு கொடுத்த மதிப்பெண் 4.9. கூடுதல் நேரம் படுத்திருந்த பிரிவு கொடுத்தது 4.4. அதைவிட முக்கியம், பிற்காலத்தில் மறு பரிசோதனைக்குத் திரும்பி வந்தவர்களும் அந்தப் பிரிவில்தான் சற்று அதிகம்.

வித்தியாசம் பெரிசில்லை, மாயாஜாலமும் இல்லை. ஆனா சொல்ற விஷயம் பெரிசு. மனசு கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு எழுதி வைக்கிறதில்லை. நடந்ததில் உச்சமான ஒரு கட்டத்தையும், முடிவையும் மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு மற்றதைக் கழிச்சு விட்டுடுது. திரும்பி வர்றதா வேண்டாமான்னு முடிவு பண்றது நடந்த விஷயம் இல்லை. அதோட ஞாபகம்தான்.

இனி ஆம்பூருக்கு வருவோம். குடியாத்தத்துக்குப் பக்கத்து ஊர்தான்.

அங்கே என் பள்ளித் தோழன் ஒருத்தன் லெதர் பெல்ட், பர்ஸ் தைக்கிறான். அப்பா காலத்திலிருந்து ஏற்றுமதி கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது ஞாபகம் இருக்கும். டிவியில் அது அரசியல் விவாதம். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் அது தையல் மெஷினுக்கு முன்னாடி உட்கார்ற ஆளோட வாரக்கூலி.

ஆர்டர் குறைஞ்சதும் இவன் நேரடியா விற்கலாம்னு வெப்சைட் போட்டான். கடன் வாங்கித்தான் போட்டான். சில மாசம் கழிச்சு என்கிட்ட வந்தான்.

“ஆள் வர்றாங்கடா. வாங்கவும் செய்றாங்க. ஆனா ஒருத்தன்கூட ரெண்டாவது வாட்டி வரல. விளம்பரத்துக்குக் குடுக்குற காசுதான் ஓடிக்கினு இருக்கு.”

எனக்கு வெப்சைட் டிசைன் தெரியாது. நோயாளியைப் பரிசோதிக்கத் தெரியும். நானே அதில் ஒரு பெல்ட் வாங்கிப் பார்த்தேன்.

உள்ளே நுழைஞ்சதும் படம் ஓடுது. எழுத்து பறந்து வருது. ஒரு சக்கரம் வந்து ‘சுற்றுங்கள், 10 சதவீதம் தள்ளுபடி’ங்குது. விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே போன் நம்பர், ஓடிபி. அடிபட்டு ரத்தம் ஒழுக வர்றவர்கிட்ட முதல்ல ஆதார் ஜெராக்ஸ் கேட்கிற மாதிரி.

சரி, எல்லாம் தாண்டி பணம் கட்டியாச்சு. அப்புறம் என்ன?

வெள்ளைப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒற்றை வரி: ஆர்டர் வெற்றிகரமாகப் பதிவாயிடுச்சு. கீழே நீளமா ஒரு நம்பர். அவ்வளவுதான். ஆறு நாள் சத்தமே இல்லை. ஏழாவது நாள் பெல்ட் வந்தது. அருமையான தோல், தையல் அப்படியே நேர்கோடு. ஆனா இடுப்புக்கு ஒரு ஓட்டை பெரிசு. யாரைக் கேட்கணும்னு அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை.

வாசலில் வாழைமரம் கட்டி, பன்னீர் தெளிச்சு, சந்தனம் கொடுத்து வரவேற்கிறோம். சாப்பிட்டுக் கை கழுவிட்டுக் கிளம்புறவரை ‘போய்ட்டு வாங்க’ன்னு சொல்ல ஆள் இல்லை. அந்தக் கல்யாணத்தைப் பத்தி ஊரில் என்ன பேசுவாங்க? அதான் நடந்துக்கிட்டிருந்தது.

அவன்கிட்ட முதலில் கேட்டது இதுதான்: “உன் கடை அப்பெண்டிக்ஸா, சுகரா?”

முறைச்சான். விளக்கினேன்.

குடல்வால் ஆபரேஷன் பண்ணினவர் தையல் பிரிச்ச பிறகு என்கிட்ட வரத் தேவையில்லை. வரலைன்னா சந்தோஷம். சுகர் நோயாளி மாசாமாசம் வரணும். வெப்சைட்டிலும் இந்த ரெண்டு வகை உண்டு. ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற தளத்துக்கு யாரும் தினமும் போக மாட்டாங்க, வருஷத்தில் ஒரு காலை போதும். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் பக்கத்துக்கு ஏப்ரலில் எத்தனை பேர் போவாங்கன்னு தெரியாது, நவம்பரில் வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவாச்சுன்னா வீடே அங்கேதான் நிக்கும். அவர் யாரையும் ‘தினமும் வாங்க’ன்னு கூப்பிடலை. மழைன்னா அந்தப் பெயர் ஞாபகம் வருது. அது போதும்.

பெல்ட் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. அதை வாங்கினவருக்குத் தினமும் வாட்ஸப்பில் ‘ஹாய், மிஸ் யூ’ன்னு அனுப்பினா பிளாக்தான் பண்ணுவார். ரெண்டு வருஷம் கழிச்சு பக்கிள் உடையும்போது, அந்த ஒரு நிமிஷத்தில், இவன் கடைப் பெயர் ஞாபகம் வரணும். வேலை அதுக்குத்தான்.

அந்தப் பெயரும் அவனிடம் சரியில்லை. நாலு இங்கிலீஷ் சொல்லைச் சேர்த்து நடுவில் ஒரு கோடு போட்டு வச்சிருந்தான். எங்க குடியாத்தம் லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பேர் போன ஊர். தீப்பெட்டி லேபிளைப் பாருங்க. ஒரே ஒரு படம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பெட்டிக்கடையில் படத்தைச் சொல்லியே கேட்டு வாங்குவாங்க. உங்க வெப்சைட் பெயரை அத்தைக்கு போனில் ஒரு தடவை சொல்லுங்க. மறுநாள் திரும்பச் சொல்லச் சொல்லுங்க. அத்தைக்கு வரலைன்னா கஸ்டமருக்கும் வராது.

அடுத்து அவன் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொங்கலுக்கு வெப்சைட்டை மொத்தமா புது டிசைனில் மாத்தப் போறானாம்.

“சார், அந்த ரோஸ் மாத்திர குடு சார், இது வேற மாதிரி கீது” - எங்க பக்கம் ஓ.பி.யில் அடிக்கடி கேட்கிற வசனம். மருந்து அதேதான். கம்பெனி மாறியதால் நிறம் மாறியிருக்கும். ஆனா அந்தம்மாவுக்கு அது வேற மாத்திரை. வீட்டுக்குப் போய் டப்பாவில் போட்டு வச்சிடுவாங்க, விழுங்க மாட்டாங்க.

இது நம்ம ஊர் படிக்காத ஜனங்க பிரச்னைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து மாத்திரை எடுத்தவர்களை வைத்து ஆரன் கெசல்ஹைம் குழு செய்த ஆய்வு 2014-ல் வந்தது. மாத்திரையின் நிறம் மாறிய பிறகு அதை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதம் கூடியது. வடிவம் மாறியபோது 66 சதவீதம். உயிர் காக்கிற மாத்திரைக்கே இந்தக் கதின்னா, உங்க வெப்சைட்டில் ‘வாங்கு’ பட்டனை வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் மாத்தினா என்ன ஆகும்?

பழகின இடத்தில் பழகின பொருள் இருக்கணும். மூணு நாள் யோசிச்சுட்டு அந்தப் புது டிசைனைக் கைவிட்டான். அதில் மிச்சமான காசு எதுக்குப் போச்சுன்னு பிறகு சொல்றேன்.

அழகே வேண்டாமான்னு கேட்பீங்க. மதுரைத் திட்டம் தெரியுமா? பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாக் கொடுக்கிற தளம். 1998 பொங்கல் அன்று தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் இருந்த வேதியியலாளர் கல்யாணசுந்தரம். உலகம் பூரா இருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் கொடுத்தார்கள். போய்ப் பாருங்க. ஒரு நீளப் பட்டியல், நூலுக்கு ஒரு எண். சக்கரம் சுத்தாது, போன் நம்பர் கேட்காது. நைட் டியூட்டியில் கேஸ் இல்லாத நேரம் நான் அங்கே போறதுண்டு. தேடினது கிடைக்கும், படிச்சுட்டு மூடுவேன். அங்கே என்னோட கடைசி நிமிஷம் எப்பவும் ‘கிடைச்சிடுச்சு’தான். திரும்பிப் போறதுக்கு எனக்கு வேற காரணம் வேண்டியதில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் அக்கா ஒருத்தர் இருந்தாங்க. மருந்து கவுண்டர்தான் ஓ.பி.யின் கடைசி இடம். மாத்திரையைக் கொடுத்துட்டு, சீட்டின் பின்னால் பெரிய எழுத்தில் அடுத்த தேதியை எழுதுவாங்க. “இதே செவ்வாய்க்கிழமை வாம்மா, உன் பேத்தி பரீட்சை என்னாச்சுன்னு சொல்லணும்” - இவ்வளவுதான். பத்து வினாடி. அந்தப் பாட்டி வந்து முதலில் கேட்கிறது என்னை இல்லை, “அந்தப் பொண்ணு இருக்குதா?”ன்னு.

இன்னொரு பக்கமும் இருக்கு. எவ்வளவு நல்லா நடத்தினாலும் சிலரால் வர முடியாது. பஸ் இல்லை, கூலி போயிடும், முழங்கால் வலி. அதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கினாங்க. வர்றவரைக் காத்திருக்காம, பெண் சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போறாங்க. மாத்திரை தீர்ற நேரத்துக்குப் போறதுதான் அதில் சூட்சுமம். சும்மா தினமும் போய்க் கதவைத் தட்டினா யாரும் திறக்க மாட்டாங்க.

தோழன் இப்போ செய்திருக்கிறது இது.

போன் நம்பரைப் பணம் கட்டும் இடத்தில் மட்டும் கேட்கிறான். பணம் கட்டினதும் வர்ற பக்கத்தில் அந்த பெல்ட்டைத் தைக்கப்போகும் மேசையின் படம், எந்தக் கிழமை அனுப்புவான், அளவு சரியில்லைன்னா எந்த எண்ணுக்குப் பேசணும், எல்லாம் தமிழில். புது டிசைனுக்கு வச்சிருந்த காசில் ஓட்டை போடும் சின்னப் பஞ்ச் வாங்கி, ஒவ்வொரு பெட்டியிலும் ஒண்ணு போட்டு அனுப்புறான். இடுப்பு ஏறினாலும் இறங்கினாலும் நீங்களே ஓட்டை போட்டுக்கலாம். (இறங்கினா எனக்கும் ஒரு மெசேஜ் போடுங்க, சந்தோஷப்படுவேன்.) அப்புறம் வருஷத்துக்கு ஒரே ஒரு வாட்ஸப். ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி, தோலில் பூஞ்சை பிடிக்காம இருக்க என்ன பண்ணணும்னு நாலு வரி. விளம்பரம் கிடையாது.

பலன்? ரெண்டாவது தடவை வந்தவங்களை இன்னும் விரல் விட்டு எண்ணிடலாம். கடன் அப்படியேதான் இருக்கு. ஆனா அதில் ஒருத்தர் தன் அப்பாவுக்கும் மாமனாருக்கும் சேர்த்து வாங்கியிருக்கார். பஞ்ச் ரெண்டு அனுப்பணுமா ஒண்ணு போதுமான்னு என்கிட்ட கேட்டான். ரெண்டு அனுப்புடான்னேன்.

உங்களுக்கும் கடையோ, கிளினிக்கோ, டியூஷன் சென்டரோ வச்சு ஒரு வெப்சைட் இருந்தா, இன்னைக்கு ராத்திரி வேற ஒருத்தர் போனை வாங்கி, உங்க தளத்தில் நீங்களே ஒண்ணு வாங்கிப் பாருங்க. முகப்பை வேகமாத் தாண்டிடுங்க. கடைசியா வர்ற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கீழே போடுங்க. நாளைக்கு டியூட்டி முடிஞ்சு வந்து பார்க்கிறேன்.



அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
குடியாத்தம்