பேரருவியில் ஒரு சண்டை

குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரம். பேரருவியில் ஆண்கள் பகுதியில் கம்பியைப் பிடித்தபடி வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற இருவருக்குள் திடீரென வாய்த்தகராறு. முழங்கை இடித்துவிட்டதாம்.

"ஏல, கண்ணு தெரியலையா?"

"யாரைப் பாத்து ஏலங்கிய?"

ஈரத் தலையோடு, இடுப்பில் துண்டோடு, இரண்டு பேரும் கையை ஓங்கிவிட்டார்கள். போலீஸ்காரர் விசில் ஊதியதும் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது பெரியவருக்குப் பாசி வழுக்கியது. ஓடிவந்து தோளைப் பிடித்தது யார் என்கிறீர்கள்? கையை ஓங்கிய அதே இளைஞர்தான். "பாத்து வாங்க அண்ணாச்சி" என்று கரை வரை கொண்டுவந்து விட்டார்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பஜ்ஜிக் கடையில் கேட்டான்: "மனுஷன்னா சண்டை போடத்தான் செய்வானாப்பா? அது பொறக்கும்போதே இருக்கா?"

நான் பதில் யோசிப்பதற்குள் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி அவன் பஜ்ஜியைப் பறித்துப் போய்விட்டது. தலையில் குல்லாய் வைத்தது போல முடி வகிடெடுத்த நம் நாட்டுக் குரங்கு. பஜ்ஜிக்காகக் கூட்டமே பல்லைக் காட்டிச் சீறியது. அடங்கியதும் இரண்டு குரங்குகள் ஒட்டி உட்கார்ந்து பேன் பார்க்க ஆரம்பித்தன.

இதை வேடிக்கையாகப் பார்க்காமல் ஆராய்ச்சியாகப் பார்த்தவர் ஃபிரான்ஸ் டி வால். 1970களில் நெதர்லாந்தின் ஆர்னெம் விலங்குக் காட்சி சாலையில் சிம்பன்சிகளைக் கவனித்தார். சண்டை முடிந்த சிறிது நேரத்தில், சண்டை போட்டவையே தேடி வந்து கட்டிக்கொண்டன, முத்தமிட்டன. அதற்கு முன் எல்லோரும் சண்டையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை. 1986-ல் ஸ்பெயினின் செவில் நகரில் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி, போர் நம் மரபணுவில் எழுதப்பட்டது என்று சொல்வது அறிவியல்படி தவறு என அறிக்கை விட்டார்கள். யுனெஸ்கோ பிறகு அதை ஏற்றுக்கொண்டது.

மகனுக்கு இதெல்லாம் பெரிதாகப் பிடிபடவில்லை. மறுநாள் செங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடாமல் யாரும் போவதில்லை, நாங்களும் போகவில்லை. 'பார்டர்' என்ற பெயர் சும்மா வந்ததல்ல. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது.

அந்த ஊர்க்காரர்தான் வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை, மனைவி பொன்னம்மாள், வயது 25. 1911 ஜூன் 17 காலை மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். அவருக்கு ஆஷ் மேல் சொந்தப் பகை எதுவும் கிடையாது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலை முடக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு. அந்தக் கோபம் ஊரெல்லாம் இருந்தது. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் நாட்டுப்பற்றோடு சனாதன தர்மம் பற்றிய ஆவேசமும் இருந்தது. அதை வைத்து இன்றைக்கும் சண்டை போடுகிறோம்.

செங்கோட்டையில் அவருக்குச் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. பள்ளியில் நாம் படித்த கதை அங்கே முடிந்துவிடும். ரயில் பெட்டியில் ஆஷின் பக்கத்தில் அவர் மனைவி மேரி உட்கார்ந்திருந்தார் என்பதையும், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கத்தான் அவர்கள் புறப்பட்டார்கள் என்பதையும் நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. 

இந்தக் கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி ஆஷைப் பற்றித் தேடிக்கொண்டே போய், அவருடைய பேரனைச் சந்தித்தார். தாத்தாவைக் கொன்றவரின் நாட்டிலிருந்து வந்த மனிதரிடம் அந்தப் பேரன் என்ன கொடுத்தார் தெரியுமா? வாஞ்சியின் குடும்பத்துக்கு நட்பும் சமாதானமும் சொல்லும் ஒரு செய்தி. நாட்டின் விடுதலைக்காக நின்ற லட்சியவாதி என்றே வாஞ்சியை அதில் சொல்லியிருந்தார். 'ஆஷ் அடிச்சுவட்டில்' என்று வேங்கடாசலபதியின் புத்தகம் ஒன்று உண்டு; கிடைத்தால் படியுங்கள்.

வாஞ்சியைப் பிறவிக் கொலைகாரர் என்று யாராவது சொன்னால் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பேரனைப் பிறவி மகான் என்று சொன்னாலும் சம்மதமில்லை. அவர் ஒரு காரியம் செய்தார், இவர் ஒரு காரியம் செய்தார். அதற்கு இடையில் சுமார் நூறு வருஷம் ஆனது.

சாயங்காலம் தென்காசி கோயில். பாண்டியர் வீட்டு அண்ணன் தம்பி சண்டை தெரிந்ததுதான். 14-ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது சுந்தரனும் வீரனும் மதுரைக்காக மோதிக்கொண்டார்கள். நடுவில் மாலிக் கபூர் படையோடு வந்தார். அந்த வம்சம் பின்னாளில் மதுரையை விட்டுத் தெற்கே ஒதுங்கியது. அதில் வந்த பராக்கிரம பாண்டியர்தான் 1446-ல் இங்கே காசி விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினார். தோற்ற பரம்பரையின் ராஜா கல்லில் சாபம் எழுதி வைக்கவில்லை. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்கிறவர் யாராக இருந்தாலும் அவரை நான் வணங்குகிறேன் என்று வெட்டி வைத்தார். குறை வந்தது. ராஜகோபுரம் பிளந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலைகளோடு திரும்ப எழுந்து 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது.

"அப்போ அந்த ராஜா கும்பிட்டது யாரைப்பா?" என்றான் மகன்.

"இந்தக் கோபுரத்தைத் திரும்பக் கட்டினவங்களை."

"அவங்களை அவருக்குத் தெரியுமா?"

"எப்படிடா தெரியும்? ஐந்நூறு வருஷம் கழிச்சு வந்தவங்க."

கோபுர வாசலுக்குள் வந்திருந்தோம். எப்போதும் போல அங்கே காற்று ஆளையே தள்ளியது. அவன் இரண்டு கையையும் விரித்து, அதில் சாய்ந்து நின்றுகொண்டான்.