கொசஸ்தலைக் கரையில் ஒரு தூண்டில் பயணம்



விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் நாகூர், ஏர்வாடி, ஊட்டி, கொடைக்கானல் என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப அடிபடும். இந்த முறை உங்களை அதிகம் பேர் போகாத ஓர் ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. ஓர் ஆறும், அந்த ஆற்றை அறிந்த ஒரு மனிதரும் இருந்தால் போதும்.

அந்த ஊர் பொதட்டூர்பேட்டை. திருவள்ளூர் மாவட்டத்தில் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த நெசவாளர் பேரூர். சென்னை சென்ட்ரலிலிருந்து ரயிலில் ஏறினால் திருத்தணி ஏறக்குறைய 85 கிலோமீட்டர். அங்கிருந்து பேருந்து. தெருவில் இறங்கியதுமே தறிச் சத்தம் உங்களை வரவேற்கும். ஒரே வாசலில் நின்றுகொண்டு தமிழும் தெலுங்கும் மாறி மாறிப் பேசுவார்கள். ஊரை ஒட்டிய குன்றின் மேல் முருகன் கோயில் தெரியும். துணி வணிகத்தின் பொருட்டு நான் பல ஆண்டுகளாக அந்த ஊருக்குப் போய் வருகிறேன். ஆனால் அங்கே ஆறு ஒன்று ஓடுகிறது என்பதைச் சென்ற அரையாண்டு விடுமுறையில்தான் உண்மையில் கண்டேன்.

மகனின் கையில் ஒரு கோல்

என்னுடன் வந்தவன் என் இளைய மகன். வயது பதின்மூன்று. கைப்பேசியில் வெளிநாட்டுத் தூண்டில்காரர்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் மியாமி நகரில், வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாய்களில், கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டிகள் படகில் அழைத்துச் சென்று மீன் பிடிக்கக் கற்றுத் தருகிறார்களாம். அங்கே பிடிபடும் 'பீகாக் பாஸ்' என்ற மீன் தென் அமெரிக்காவுக்குரியது. வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட திலாப்பியா போன்ற மீன்களைத் தின்று குறைப்பதற்காக, 1984-இல் அந்த மாநில அரசே அதைக் கால்வாய்களில் விட்டது. இவற்றையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "அத்தா, நம் ஊரிலும் கால்வாய் இருக்கிறதே, நாமும் போகலாமே?" என்று கேட்டான்.

சென்னைக் கால்வாய்களை நினைத்ததும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் பொதட்டூர்பேட்டையில் எனக்குத் துணி நெய்து தரும் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "தம்பியை அழைத்துக்கொண்டு வாருங்கள் பாய். படகு கிடையாது. நடக்கத்தான் வேண்டும்" என்றார். எங்கள் வழிகாட்டி அவரே. கட்டணம் என்று எதையும் வாங்க மறுத்துவிட்டார்.

நீங்கள் போவதாயின் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோடையில் இந்த ஆற்றில் பெரும்பாலும் மணலைத்தான் காண்பீர்கள். கொட்டும் மழைக்காலத்திலோ கிட்டே போகவே கூடாது. ஆந்திரப் பகுதியில் உள்ள கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் அந்த நீர் நேராக இங்கே வந்து சேரும். 2020-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் நவம்பர் மழையில் அவ்வாறு வந்த வெள்ளத்தில் பள்ளிப்பட்டு வட்டாரத்துத் தரைப்பாலங்கள் மூழ்கின. ஊருக்கு ஊர் போக்குவரத்து அற்றுப்போனது. எனவே அணை நிலவரத்தைக் கேட்டறியாமல் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள். மற்றொன்றையும் மனத்தில் வையுங்கள். ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மீன்பிடி உரிமை குத்தகையாகவோ உரிமமாகவோ பிறரிடம் இருக்கும். கேளாமல் தூண்டில் போடுவது பிறர் பொருளில் கை வைப்பதாகும்.

நீரும் மீனும்

விடியற்காலைத் தொழுகையை முடித்துப் புறப்பட்டோம். பெரியவரின் தோளில் இரண்டு மூங்கில் கோல்கள். ஒரு பையில் தங்கூஸ் நரம்பு, முள், மிதப்பதற்கு மயிலிறகுத் தண்டு. ஒரு சிரட்டையில் ஈரமண்ணோடு மண்புழு. தனியே கோதுமை மாவு உருண்டை. வெளிநாட்டுக் கருவிகளைக் கனவு கண்டிருந்த என் மகனின் முகம் சற்று வாடியது. பெரியவர் அதைக் கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு அகன்று கிடந்தது. நடுவில் மட்டும் தெளிந்த ஓடை. வளைவுகளில் ஆங்காங்கே மடுக்கள். மீன் ஓடையில் இல்லை, மடுவில்தான் இருக்கும் என்பது முதற்பாடம். நம் நிழல் நீரில் விழாதபடி கிழக்கு நோக்கி உட்கார வேண்டும் என்பது இரண்டாவது. பேசாதிருக்க வேண்டும் என்பது மூன்றாவது. அந்த மூன்றாவது பாடத்துக்கு என் மகன் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

முதலில் அகப்பட்டது உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன். நம் சந்தைகளில் மலிந்து கிடக்கும் இந்த மீன் நம் நாட்டுக்குரியது அன்று. ஆப்பிரிக்காவில் தோன்றிய இந்தத் திலாப்பியா இனம் 1952-இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான உணவு கிடைக்கும் என்ற நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். அதுவோ விட்ட குளங்களிலெல்லாம் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மியாமிக் கால்வாய்களின் கதையும் நம் ஆற்றின் கதையும் ஒன்றே என்று நான் சொன்னபோது மகன் வியந்து போனான். "இதை எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள் தம்பி, ஆற்றுக்குப் பாரம் குறையும்" என்றார் பெரியவர்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கில அதிகாரி, இந்தியாவில் தூண்டில் பிடிப்பதைப் பற்றி 1873-இலேயே ஒரு நூல் எழுதினார். பின்னர் ஏரி, குளங்களில் பிடிப்பதற்கென்றே மற்றொரு நூலும் எழுதினார். குஞ்சு மீன்களை வகைதொகையின்றி வாரி அழிப்பதை எதிர்த்தவரும் அவரே. அந்த வரலாற்றை எங்கள் பெரியவர் படித்திருக்க மாட்டார். ஆனால் அடுத்து நடந்தது அதே பாடம்தான்.

சிவந்த குஞ்சுகள்

பத்து மணி இருக்கும். கோரைப்புல் அடர்ந்த ஒரு மடுவின் ஓரத்தில் நீர் இலேசாகக் கொப்பளித்தது. உற்றுப் பார்த்தால், மருதாணி பூசியது போன்ற செந்நிறத்தில் நூற்றுக்கணக்கான சிறு குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வந்து மூச்சு வாங்கி மீண்டும் அமிழ்ந்தன. அவற்றின் அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கரிய நிழல்.

"விரால்!" என்று கத்திவிட்டான் மகன்.

விரால் நம் நன்னீர் மீன்களில் மதிப்பு மிக்கது. நோயுற்றவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விரால் குழம்பு வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை நீங்களும் அறிவீர்கள். செவுளால் மட்டுமன்றிக் காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கும் மீன் அது. நீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழை வரை உயிரோடு காத்திருக்கும். முட்டையிட்ட பின் தாயும் தந்தையும் குஞ்சுகளை விட்டு அகல்வதில்லை. குஞ்சுகளை நெருங்கும் எதன் மீதும் சீறிப் பாயும். அந்த நேரத்தில் இரையைக் குஞ்சுத் திரளுக்கு நடுவே எறிந்தால் பசிக்காக அன்று, காவலுக்காகவே அது கவ்வும். அப்போது அதைப் பிடிப்பது மிக எளிது. இதையெல்லாம் கைப்பேசியில் பார்த்திருந்த மகன் சட்டென்று கோலை ஓங்கினான்.

பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடிந்துகொள்ளவில்லை. "இது பார்ப்போடு இருக்கிறது தம்பி. இதை நீங்கள் தூக்கிவிட்டால் மாலைக்குள் கெண்டையும் கெளுத்தியும் கொக்கும் சேர்ந்து குஞ்சுகளை முடித்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு மடுவைக் காலி செய்யலாமா?" என்றார்.

மகன் கோலைத் தாழ்த்தினான். ஆனால் என்னைப் பார்த்து, "அத்தா, மீன் நமக்கு ஹலால்தானே? அறுக்கக்கூட வேண்டியதில்லையே?" என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை வரவில்லை. உண்மைதான். நீரின் வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஆகுமாக்கியவன் வீண் விரயத்தையும் தடுத்திருக்கிறான். உண்பதற்கு எடுப்பது வேறு, எடுக்க முடிகிறது என்பதற்காக எடுப்பது வேறு. என் மார்க்கத்தை நான் மகனுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டிய அந்த இடத்தில், நெசவுத் தொழில் செய்யும் ஒரு மாற்று மதப் பெரியவர் எனக்கு முன்னால் அதைச் செய்து காட்டிவிட்டார். உள்ளபடியே சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது. "ஹலால்தான் மகனே. ஆனால் இன்று வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

லுஹருக்கு நேரமாயிற்று. ஆற்று நீரிலேயே ஒளுச் செய்து, மணலில் துண்டு விரித்துத் தொழுதோம். நாங்கள் தொழுது முடிக்கும் வரை பெரியவர் எங்கள் கோல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தார். அன்று ஏழு ஜிலேபிகளும் இரண்டு கெளுத்திகளும் கிடைத்தன. அவர் வீட்டுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி.

ஆற்றின் மறுமுனை

ஊர் திரும்பிய பின் மகன் ஒரு கேள்வி கேட்டான். "அந்த ஆறு எங்கே போகிறது?"

வரைபடத்தை விரித்துக் காட்டினேன். பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஓடும் கொசஸ்தலை கிழக்கே சென்று பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய அந்த அணை 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. கிருஷ்ணா நதி நீரும் 1996 முதல் கால்வாய் வழியே அங்கேதான் வந்து சேர்கிறது. பூண்டியிலிருந்து கால்வாய்களில் ஓடும் நீர் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போய், சென்னைவாசிகளாகிய நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்தவற்றில் பழமையானவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அத்தனை காலமாக மனிதன் இந்த ஆற்றை நம்பி வாழ்ந்திருக்கிறான். பூண்டியைக் கடந்த ஆறு இறுதியில் எண்ணூரில் கடலோடு கலக்கிறது.

"அங்கேயும் போகலாம் அத்தா" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம்.

கழிமுகத்தின் ஓரத்தில் நின்றோம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, பல இடங்களில் ஆழம் குன்றிப்போன நீர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக இங்கே பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்து, பல நாள் தொழில் முடங்கிக் கிடந்தது. ஓரத்தில் ஒருவர் இறாலுக்காகக் கையால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். மகன் தன் கோலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அஸர் நேரம் நெருங்கியது. நான் வழக்கம்போல் நீரோரம் இறங்கினேன். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நிறம், மணம், சுவை மாறிய நீரைப் பற்றி மதரசாவில் அவன் படித்த பாடம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "இது அதே ஆறுதானே அத்தா?" என்று மெல்லக் கேட்டான். அதே ஆறுதான். ஆனால் அதில் ஒளுச் செய்ய எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. பள்ளிவாசலைத் தேடிச் சென்று, அங்கிருந்த குழாய் நீரில் ஒளுச் செய்து தொழுதோம்.

அன்பர்களே! உங்கள் பிள்ளைகளோடு ஒருமுறை இந்தப் பயணத்தை மேற்கொள்ளுங்கள். ஆற்றை அறிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். உண்ணும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள். நரம்பையும் நெகிழிப் பையையும் கரையில் விட்டு வராதீர்கள். முடிந்தால் ஆற்றின் இரண்டு முனைகளையும் காட்டுங்கள். ஒரு முனையை மட்டும் கண்டால் மகிழ்ச்சியோடு திரும்பிவிடுவோம். இரண்டையும் கண்டால், நாம் குடித்துவிட்டுத் திருப்பி அனுப்பும் நீர் எந்த நிலையில் போகிறது என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் தங்கும்.

பள்ளிக்கூடம் திறந்ததும் என் மகன் தன் தாயிடம், "உம்மா, அந்த விரால் குஞ்சுகள் இப்போது வளர்ந்திருக்கும் இல்லையா?" என்று கேட்டானாம். வரும் மார்கழியில் போய்ப் பார்த்துச் சொல்வதாக வாக்களித்திருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், மழை பெய்ய வேண்டும்.