உடைந்த கண்ணாடியும் உறுதிப் பத்திரமும்

காப்புறுதி என்ற சொல்லிலே காப்பு, உறுதி என இரண்டு சொற்கள் உள. இவற்றுள் உறுதி என்பது யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு மிகவும் பழகிய சொல். காணி உறுதி ஒன்று கைக்கு வந்தால் நாம் அதனை எப்படி வாசிக்கிறோம்! கிழக்கெல்லை யாருடைய காணி, வடக்கெல்லை ஒழுங்கையா வாய்க்காலா, கிணற்றிலே எத்தனை பங்கு, வழிவாய்க்காலிலே எத்தனை பங்கு, எல்லையில் நிற்கும் பனை எவருக்குச் சேரும் என்று வரிக்கு வரி விரல் வைத்துப் பார்க்கிறோம். எழுத்திலே ஐயம் வந்தால் நொத்தாரிசு வீட்டுக்கு இரண்டாந் தரமும் நடக்கிறோம். ஆனால், ஆண்டுதோறும் பணங்கட்டிப் பெறுகின்ற மோட்டார்க் காப்புறுதிப் பத்திரத்தையோ நான்காக மடித்து வண்டியின் சிறு பெட்டிக்குள் வைத்து விடுகிறோம். அதற்கும் நான்கு எல்லைகள் உண்டென்பதை ஒரு கல் வந்து விழுந்த பின்னரே பலர் அறிகின்றனர்.

என் வண்டியிலும் அப்படி ஒரு கல் விழுந்தது. சென்ற ஆண்டு வைகாசியில், வவுனியாவில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு திரும்பிக் கொண்டிருந்தோம். பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடையில் கிரவல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று எதிரே வந்தது. அது கடந்து செல்லும் வேளையில் வெடிபோல ஓர் ஓசை. என் மனைவியின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஐந்து ரூபாக் குற்றியளவான ஒரு வெண்பொட்டுத் தோன்றியது. இரு வண்டிகளும் மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் எதிரெதிரே சென்றால், ஒன்றை நோக்கி மற்றது 120 கிலோமீற்றர் வேகத்தில் வருவதாகவே கொள்ளவேண்டும். செக்கனுக்கு முப்பத்து மூன்று மீற்றர். வகுப்பிலே சார்பு வேகம் கற்பிக்கும் போது கரும்பலகையில் எழுதும் அவ்வெண், அன்று கையை நடுங்க வைத்தது. லொறியின் இலக்கத்தைப் பார்ப்பதற்குள் அது போய்விட்டது. பார்த்திருந்தாலும், கல் அதன் பெட்டியிலிருந்து விழுந்ததா, வீதியிற் கிடந்ததைச் சக்கரம் தெறித்ததா என்று நிலைநாட்டுவது எளிதன்று.

ஒருவருக்கும் காயமில்லை. இதற்கு நாம் நன்றி கூற வேண்டியவர்களுள் பிரான்சு நாட்டவரான எடுவார் பெனடிக்டசு என்பவரும் ஒருவர். 1903ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுகூடத்திலே ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. உடைந்தும் அது சிதறவில்லை. உள்ளே உலர்ந்து படிந்திருந்த ஒரு மென்படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று மோட்டார் வண்டிகளின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளையும் அவற்றின் நடுவே ஒட்டப்பட்ட பிளாத்திக்குப் படலத்தையும் கொண்டது. பக்கக் கண்ணாடிகள் அவ்வாறன்று. அவை சூடாக்கி விரைவிற் குளிர்வித்துப் பதப்படுத்தப்பட்டவை. உடைந்தால் கற்கண்டுத் துகள் போல உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி காற்றைத் தடுப்பதற்கு மாத்திரம் உள்ளதன்று. வண்டி கவிழும்போது கூரை நசுங்காமல் இருப்பதற்கு அது துணை செய்கிறது. முன்னிருப்பவரைக் காக்கும் காற்றுப்பை விரியும்போது அதற்கு முதுகு கொடுப்பதும் பல வண்டிகளில் இதுவே.

பொட்டு சிறிதாயிருக்கும் போதே பிடித்தால், அதனுள் ஒருவகைப் பிசினைச் செலுத்திக் கழியூதா ஒளியினால் இறுகச் செய்து கண்ணாடியைக் காப்பாற்றலாம். செலவும் சிறிது. என் கண்ணாடி அதற்கு இடங்கொடுக்கவில்லை. மறுநாட் காலை வெயில் ஏறியதுமே பொட்டிலிருந்து ஒரு கீறல் புறப்பட்டு இரண்டு சாண் நீளத்துக்கு ஓடியது. ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே கீறல் வந்தபின் பிசினாற் பயனில்லை, கண்ணாடியையே மாற்றவேண்டும். மாலை வேளையில் மேற்கு நோக்கிச் செல்லும்போது அந்தக் கீறல் சூரியனை இரண்டாகப் பிளந்து கண்ணிலே குத்தியது. மாதந்தோறும் அம்மாவைக் கண் சிகிச்சைக்காக ஆசுபத்திரிக்கு அழைத்துச் செல்வது இந்த வண்டியிலேதான். ஆதலால் ஒத்திப்போட வழியில்லை.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வீதியில் ஓடும் வண்டிக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி இருக்கவேண்டுமென்று விதிக்கிறது. அஃது எம்மால் பிறருக்கு நேரும் தீங்குக்கு உரியது. எமது சொந்தக் கண்ணாடிக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. அதற்கு முழுமைக் காப்புறுதி வேண்டும். என்னிடம் அது இருந்தது. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. காப்புறுதிச் சான்றைக் காட்டினாலன்றி வருமான அனுமதிப் பத்திரம் கிடையாது. அந்த அனுமதிப் பத்திரத்தை ஒட்டி வைப்பதும் முன்கண்ணாடியிலேதான். தன் நெற்றியில் அச்சான்றைத் தாங்கிய கண்ணாடிதான் உடைந்தது.

நான் கணிதம் கற்பிப்பவன். ஆகவே தாளும் பேனையும் எடுத்துக்கொண்டேன். கராச்சில் மூன்று விலை சொன்னார்கள். வண்டியைச் செய்த கம்பனியின் கண்ணாடி ஒரு இலட்சத்துக்கு மேல். வேறு உற்பத்தியாளரின் புதுக் கண்ணாடி பூட்டுகூலியோடு 48,000 ரூபா. கழற்றிய வண்டியின் பழைய கண்ணாடி அதிலும் குறைவு. நடுவிலுள்ளதைத் தெரிந்தேன். என் பத்திரத்தின்படி முதற் பத்தாயிரம் ரூபா என் சொந்தப் பங்கு. எக்செஸ் என்று வழங்குவது அது. ஆகவே கம்பனி தருவது 38,000.

இத்துடன் கணக்கு முடிந்துவிட்டதென்று எண்ணுவோர் பலர். முடியவில்லை. என் முழுக் கட்டணம் ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சம். பல ஆண்டுகள் ஒன்றுங் கோராதிருந்தமையால் அதிலே ஐம்பது வீதம் கழிவு பெற்று 50,000 கட்டிவந்தேன். நோ கிளெயிம் போனஸ் என்பது இதுவே. இப்போது கண்ணாடிக்காகக் கோரினால், கழிவு முப்பது வீதமாக இறங்கும். அடுத்த ஆண்டு 70,000 கட்டவேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு கழிவு நாற்பது, கட்டணம் 60,000. மூன்றாம் ஆண்டிலேதான் பழைய ஐம்பது வீதத்துக்கு ஏறலாம். மேலதிகமாகச் செல்வது 20,000 உம் 10,000 உம் ஆக 30,000 ரூபா. கம்பனி ஒரு கையால் 38,000 தந்து மறு கையால் 30,000 வாங்குகிறது. எனக்கு மிஞ்சுவது 8,000. கண்ணாடியின் விலை நாற்பதினாயிரமாக இருந்திருந்தால் மிஞ்சுவது வெறும் பூச்சியம்.

கணக்கிலே இன்னும் ஓர் எல்லை உண்டு. 2020ஆம் ஆண்டு பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதியும் வீழ்ந்தது. பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே சென்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 மாசியிலேதான். இவ்விடைக்காலத்தில் பலர் பத்திரத்திலுள்ள பெறுமதியைப் பழையபடியே விட்டிருந்தார்கள். ஐம்பது இலட்சம் பெறும் வண்டியை முப்பது இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு, சராசரி விதி எழுதப்பட்ட பத்திரமாயின், ஐந்திலே மூன்று பங்குதான் கிடைக்கும். 48,000 ரூபாக் கண்ணாடிக்கு 28,800. அதிலே சொந்தப் பங்கு பத்தாயிரமும் கழிந்தால் 18,800. என் பெறுமதி சரியாகவே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் இதனை அறியாமல் மனம் நொந்த நண்பர்கள் எனக்கு உளர்.

அன்று மாலை காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்தார். அவர் என்னிடம் கணிதம் பயின்றவர்; பண்பான இளைஞர். என் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சேர், கழிவு எப்படியும் இறங்கத்தான் போகுது. முன் பம்பரிலை ஒரு நெளிவு இருக்குதெல்லோ? அதையும் சேர்த்துப் போடுவம். கல் விழ, வண்டி விலகிக் கட்டையிலை இடிச்சது எண்டு எழுதினால் சரி. அப்பதான் சேருக்குக் கட்டும்” என்றார்.

பம்பரின் நெளிவு அதற்கு முந்திய ஆண்டு சந்தையடியிலே யாரோ இடித்துவிட்டுப் போனது. இளைஞரின் கணக்கிலே குற்றமில்லை. ஒரு ரூபா கோரினாலும் இழப்பது முப்பதினாயிரமாயின், அதிகமாகக் கோருவதே இலாபம். சிறு கோரிக்கையாளரைத் தண்டித்துப் பெருங் கோரிக்கையாளருக்கு வழிவிடும் இந்த ஏற்பாடு, நேர்மையானவரையும் பொய்யின் வாசலிலே கொண்டுவந்து நிறுத்துகிறது. என்னை வருத்தியது அதுவன்று; அந்தக் கூட்டலையும் கழித்தலையும் அவருக்குக் கற்பித்தவன் நான்.

“தம்பி, கூட்டினது சரி. ஆனால் நடவாததையும் எல்லோ கூட்டிப் போட்டீர்” என்றேன்.

அவர் தலைகுனிந்தார். சற்று நேரங்கழித்து, “நாங்கள் சொல்லாட்டில் அவையளே கேட்பினம், சேர். மாட்டமெண்டால் வேறை ஆளிட்டைப் போவினம்” என்றார். அதுவும் உண்மையே. காப்புறுதி என்பது ஊர்ச் சீட்டைப் போன்றது. பலர் கட்டிய பணத்திலிருந்துதான் ஒருவருடைய இழப்பு நிரப்பப்படுகிறது. ஒருவர் ஏற்றி எழுதிய பம்பரின் விலை, அடுத்த ஆண்டு எல்லாருடைய கட்டணத்திலும் சிறுகச் சிறுக ஏறுகிறது. அன்றியும், கோரிக்கையின் ஒரு பகுதி பொய்யென்று கண்டால், முழுக் கோரிக்கையையும் மறுக்கக் கம்பனிக்கு இடமுண்டு.

இனி முடிவு வீட்டாருடையது. எட்டாயிரம் ரூபா மிச்சத்துக்காக, மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, பத்திரங்கள் போய் வந்து, கம்பனி குறித்த கராச்சில் முறை கிடைக்கும் வரையும் கீறல் விழுந்த கண்ணாடியோடு ஓடுவதா? அதற்குள் வேறொரு பெரிய விபத்து நேர்ந்தால், இறங்கிய கழிவு மேலும் இறங்குமே? மறுபுறம், கையிலிருந்த ஒரே தொகை மனைவியின் சீட்டுக்காசு. மாரிக்கு முன் அடுக்களைக் கூரையின் ஓடுகளை மாற்றுவதற்கென்று அவர் எடுத்து வைத்திருந்தது அது. நான் சொல்லத் தயங்கியதை அவரே சொன்னார்: “கூரை ஒழுகினால் வாளி வைக்கலாம். உங்கடை கண்ணுக்கு முன்னாலை என்னத்தை வைக்கிறது?”

மறுநாளே கண்ணாடி மாற்றப்பட்டது. அந்த வேலையைப் பார்ப்பது ஒரு கல்வி. வண்டிக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் நின்று, மெல்லிய கம்பியை இருபுறமும் பிடித்து வாள்போல இழுத்துப் பழைய பசையை அறுத்தார்கள். அனுமதிப் பத்திரத்தைச் சவர அலகினாற் பதமாக உரித்தெடுத்தார்கள். விளிம்பைச் சுத்தஞ் செய்து, கரிய பசையை இடையறாது ஒரே கோடாக இட்டு, உறிஞ்சு கிண்ணங்களாற் புதுக் கண்ணாடியைத் தூக்கி ஒரே முறையில் இருத்தினார்கள். “பசை இறுகுமட்டும் கதவை அடிச்சுச் சாத்தாதையுங்கோ, ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுங்கோ” என்றார் மேசன் போன்ற கைப்பக்குவம் வாய்ந்த அந்தக் கராச்சுக்காரர். உள்ளே அடைபட்ட காற்று ஈரப்பசையைத் தள்ளிவிடும் என்பது காரணம். அவசரப்பட்டு உடனே வண்டியைக் கேட்பவருக்கு அவர் கொடுப்பதில்லையாம். அவ்வாண்டு மாரியில் எங்கள் அடுக்களையிலே இரண்டு வாளிகள் இருந்தன.

கார்த்திகையில் பத்திரம் புதுப்பிக்கும் நாள் வந்தது. நான் கேளாமலே அந்த இளைஞர், முன்கண்ணாடிக்கென்று தனியாக ஒரு பிரிவு உண்டெனக் காட்டினார். மேலதிகமாக 2,500 ரூபா கட்டினால், 75,000 வரையுள்ள கண்ணாடிச் செலவைக் கோரலாம், கழிவும் இறங்காது. சேர்த்துக்கொண்டேன். பின்பு அவர் வண்டியின் அன்றைய பெறுமதியைக் கேட்டுத் தம் கையால் எழுதினார்.

வண்டி வைத்திருக்கும் நேயர்கள் புதுப்பிக்கும் நாளில் நான்கு வினாக்களைக் கேட்பாராக. கண்ணாடிக்குத் தனிப் பிரிவு உண்டா, அதன் உச்சத் தொகை எவ்வளவு? கோரினால் கழிவு எத்தனை படி இறங்கும்? சொந்தப் பங்கு எவ்வளவு? பெறுமதி குறைந்திருந்தால் சராசரி விதி பாயுமா? விடைகளை எழுத்திலே பெறுக. சிறு பொட்டு விழுந்தால் அன்றே கம்பனிக்கு அறிவித்து, படம் எடுத்து வைத்து, பிசினால் அடைக்க முடியுமா என்று பார்க்க. கோருவதா விடுவதா என்பதை விலைச்சிட்டை கைக்கு வந்தபின் கணக்கிட்டுத் துணிக. நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் கம்பனிக்கு எழுதுக. அங்கே தீராவிடின் கொழும்பிலுள்ள காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு எழுதலாம்.

கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் வேறுபடும். கழிவு இல்லாத புது வண்டிக்காரருக்கும், விலையுயர்ந்த கண்ணாடி உடையவருக்கும், கண்ணாடிக்குள் கமெரா பொருத்திய புதிய வண்டிகளை வைத்திருப்போருக்கும் கோருவதே நன்மையாக முடியலாம். எம்மைப் போன்ற சம்பளக்காரருக்குச் சிலவேளை கோராமல் விடுவதே மலிவு. எவ்வாறாயினும், அந்தத் தாளில் நடந்ததை மாத்திரம் எழுதுக.