நாலு, ஆறு, பூச்சியம்

நீராவி எஞ்சின்களை எண்ணிப் பெயர் சொல்லுற முறை ஒன்று இருக்கு. முன்னால எத்தனை சின்னச் சில்லு, நடுவில எத்தனை இழுக்கிற சில்லு, பின்னால எத்தனை சின்னச் சில்லு. மூன்று எண் போதும். 0-6-0 எண்டால் இழுக்கிற ஆறு சில்லு மட்டும்தான். 4-6-0 எண்டால் முன்னால நாலு சின்னச் சில்லு, நடுவில ஆறு பெரிய சில்லு, பின்னால ஒன்றுமில்லை. வைற் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின்ர பெயரால அழைக்கப்படுற கணக்கு இது. இந்தக் கட்டுரை முழுக்க, ஒரு 0-6-0 மொடல் எஞ்சினை நாங்கள் 4-6-0 ஆக மாற்றின கதை.

நாங்கள் மூன்று பேர். கலைப்பீடம். எங்கட வயசுப் பிள்ளைகளுக்கு ரெயில் எண்டாலே டீசல்தான். அதையும் நாங்கள் பிந்தித்தான் பார்த்தனாங்கள். 1990இல நிண்டுபோன யாழ்ப்பாண ரெயில் 2014 ஒக்ரோபரில திரும்பி வரேக்க எங்களுக்குப் பத்து, பதினொரு வயசு. அதுவரைக்கும் பாதை இருந்த இடம் எங்களுக்குச் சைக்கிள் ஓடுற மண் வரம்பு. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயிற்றுது எண்டு வீட்டில சொல்லுவினம். நீராவி எஞ்சின் எண்டுறது எங்களுக்குப் படத்தில பார்க்கிற சாமான்.

வாய்மொழி வரலாறு பாடத்துக்கு ஒருவரைப் பேட்டி காண வேணும். எங்களில ஒருத்தியின்ர அம்மப்பா 1960களில சாவகச்சேரி ஸ்ரேசனில போர்ட்டராக இருந்தவர். வடக்கில முதன்முதல் 1902இல ரெயில் ஓடினது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலதான், ஆகவே பொருத்தமான ஆள் எண்டு போனம். கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு, போனில ரெக்கோர்டிங் போட்டு நாற்பது நிமிசம் இருந்தம். "அந்தக் காலத்தில ரெயில் எப்பிடி அம்மப்பா?" "நல்லா இருந்தது." "சனம் எப்பிடி?" "நல்ல சனம்." அவ்வளவுதான் வந்தது. படங்களைக் காட்டிக் கேட்கவும் ஏலாது. அவருக்குக் கண் மங்கி, இப்ப வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும்.

வீட்டில ஒரு ஹோர்ன்பி எஞ்சின் கிடந்தது. லண்டன் மாமா தம்பிக்காரனுக்குக் கொண்டுவந்து குடுத்தது. 0-6-0 ராங்க் எஞ்சின். அதாவது தண்ணித் தொட்டி பொயிலருக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும், பின்னால தனி வண்டி இல்லை. சும்மா அவரின்ர கையில வைச்சம். விரலால ஒருக்கா முன்னுக்கும் பின்னுக்கும் தடவினார். "உது ஷண்டிங் எஞ்சின் பிள்ளை. கொழும்புக் கோச்சியை உது இழுக்காது. முன்னால நாலு சின்னச் சில்லு எங்கை? ரெண்டர் எங்கை?" எண்டார். நாற்பது நிமிசத்தில வராத மறுமொழி ஒரு நிமிசத்தில வந்தது. அவர் சொன்னது சரியும்கூட. இலங்கை ரெயில்வேயின்ர பி1 வகுப்பு எஞ்சின்கள் 4-6-0தான்.

அங்கை தொடங்கினது வேலை.

இந்த மொடலின்ர அளவுக் கணக்கு சுகம். 4 மில்லிமீற்றர் எண்டால் உண்மையில 1 அடி. மாற்றேக்க முதலில பார்க்க வேண்டியது சில்லைத்தான். இழுக்கிற ஆறு சில்லும் அவற்றைச் சேர்க்கிற கம்பியும் மோட்டரும் ஒரே சட்டத்தில பூட்டி இருக்கும். அந்த இடைவெளியை மாற்றப் போனால் எஞ்சின் ஓடாது. அதால சட்டத்தைத் தொடாமல் மேல்ப்பக்கத்தை மட்டும் வெட்டினம். பக்கத் தொட்டிகளை அரிஞ்சு எடுத்தால் உள்ளுக்குள்ள முழுப் பொயிலர் இல்லை, மோட்டர்தான் பல்லை இளிச்சுக்கொண்டு தெரியும். 5 அடிக் குறுக்களவுப் பொயிலர் எண்டு வைச்சால் 20 மி.மீ. வேணும். கரண்ட் வயர் இழுக்கிற பி.வி.சி. பைப் சரியாக 20 மி.மீ. அதை வெட்டி, அடிப்பக்கத்தில மோட்டருக்கு இடம் விட்டு, மேல வைச்சு ஒட்டினம். ட்ரைவர் நிக்கிற கூடு பழைய போன் கார்ட்டுகளில வெட்டினது. ரிவெற் ஆணிகளுக்குப் பதிலாகப் பின்பக்கத்தால ஊசியைக் குத்தி அமத்தினம். முன் நாலு சில்லும் ரெண்டரின்ர சில்லுகளும் பழைய மொடல் சாமான் வண்டிகளில கழற்றினது.

முன் நாலு சில்லுதான் எங்களை உலைச்சது. வளைவில அது இடமும் வலமும் தன்பாட்டில திரும்ப வேணும். எஞ்சினின்ர பாரத்தை அது தாங்கினால் இழுக்கிற சில்லுக்குப் பிடி இல்லாமல் போய், நிண்ட இடத்திலயே சுத்தும். பாரம் குறைஞ்சால் தடம் புரளும். பாசையூரில மீன் வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு வாங்கி, தட்டையாக்கி, இழுக்கிற சில்லுக்கு நேர மேல பொயிலருக்குள்ள அடைஞ்ச பிறகுதான் 438 மி.மீ. ஆரை வளைவில விழாமல் திரும்பினது.

ராங்க் எஞ்சினை வெட்டி ரெண்டர் எஞ்சின் ஆக்கினது விளையாட்டுச் சாமானில மட்டும் நடக்கிற காரியம் எண்டு நினைக்காதையுங்கோ. இங்கிலாந்தில 1927 ஓகஸ்ட் 24 செவனோக்ஸில ரிவர் வகுப்பு ராங்க் எஞ்சின் ஒன்று தடம் புரண்டு 13 பேர் செத்தவை. அதுக்குப் பிறகு சதர்ன் ரெயில்வே அந்த வகுப்பு முழுவதையும் பக்கத் தொட்டிகளைக் கழற்றி, ரெண்டர் பூட்டி, 2-6-4ஐ 2-6-0 ஆக மாற்றினது. உண்மையான இரும்பிலயே எஞ்சின்கள் இப்பிடி வேறொன்றாகிக்கொண்டுதான் இருந்திருக்கு.

ஒவ்வொரு கட்டத்திலயும் அம்மப்பாவிட்டக் கொண்டுபோனம். எங்களுக்கு ஒட்டுறதுக்கு ஏதாவது தெரிய வேணும், அதால கேள்வியும் சின்னதாக வந்தது. "சிலிண்டருக்கு முன்னால ஏதும் நீட்டிக்கொண்டு நிக்குமோ?" எண்டு கேட்டால், "நிக்கும். வெளிக்கிடேக்க அதுக்குள்ளாலதான் நீராவி சீறும். புதுசாப் பிள்ளைகுட்டியோட வாற சனத்தை நாங்கள் பின்னுக்கு இழுத்து நிப்பாட்டுவம், கால் அவிஞ்சுபோம்" எண்டார். சிலிண்டருக்குள்ள தேங்கின தண்ணியை வெளியேற்றுற குழாய்கள் அவை. கிற்றார் கம்பியை வெட்டி ரெண்டு பக்கமும் ஒட்டினம். "ரெண்டரின்ர மேல மூடி எங்கை வரும்?" எண்டு கேட்டால், தண்ணி நிரப்பேக்க ஒருத்தன் மேல நிண்டு கத்துறது, கீழ நிண்டவன் நனையிறது, எல்லாம் வந்தது. இப்ப எங்கட ரெக்கோர்டிங் நாலு மணித்தியாலம். "எப்பிடி இருந்தது" எண்ட கேள்வி அதில ஒரு இடத்திலயும் இல்லை.

மிச்சம் இருந்தது அகலம். இந்த மொடல் ஓடுற பாதை 16.5 மி.மீ. இங்கிலாந்தின்ர சொந்தப் பாதைக்கே அது ஒடுக்கம். 4 அடி 8½ அங்குலம் எண்டால் 18.83 வர வேணும். இலங்கைப் பாதை 5 அடி 6 அங்குலம். எங்கட கணக்கில 22 மி.மீ. இது எங்களுக்கு முதலே தெரியும். ஓடுற எஞ்சின் வேணுமெண்டால் 16.5தான். 22 எண்டால் கடையில பாதை இல்லை, வட்டமாகத் தண்டவாளம் செய்ய எங்கட கையால ஏலாது. புவியியல் படிக்கிறவன் மட்டும் கடைசி வரைக்கும் 22 எண்டு நிண்டான். "சில்லைக் குறுக்கினால் அது எங்கட ரெயிலே இல்லை" எண்டான். கண்ணுக்கு ஆர் பார்க்கப் போகினம் எண்டு நாங்கள் சமாதானம் சொன்னம்.

கறுப்புப் பெயின்ற் காய்ஞ்ச பிறகு கொண்டுபோய்க் குடுத்தம். அம்மப்பா புகைபோக்கியில இருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தார். கடைசியில பிரட்டி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் ரெண்டு சில்லுக்கும் நடுவில வைச்சார். கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு சிரிச்சார். "இது என்ன, கே.வி. லைனுக்கோ?" களனிவெளிப் பாதை அப்ப ரெண்டரை அடி அகலக் குட்டிப் பாதை. ரெயில்வேக்காரருக்கு அதுதான் பகிடி. புவியியல்காரன் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்த பார்வையை இங்கை எழுதத் தேவையில்லை.

எஞ்சினின்ர மேல்ப்பாகத்தை அடிச்சட்டத்தோட பிடிக்கிறது ஒரேயொரு திருகாணி. அதால இப்ப ஒரு உடம்புக்கு ரெண்டு அடிப்பாகம் இருக்கு. ஒன்று மோட்டரோட, 16.5இல, மேசையில ஓடுறதுக்கு. மற்றது வேப்பங்கட்டையில செதுக்கினது. இழுக்கிற சில்லுக்குக் கோட் பொத்தான், அச்சுக்கு ஆணி, அகலம் 22. அது எங்கயும் ஓடாது. பலகையில ஆணியடிச்சு வைச்ச ஒரு அடி நீளத் தண்டவாளத்தில நிக்கும். அம்மப்பாவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில இருக்கிறது அதுதான்.

போன கிழமை போனபோது அவருக்கு வேற முறைப்பாடு. "எஞ்சினைக் கொண்டந்திட்டியள், சரி. சாமான் பெட்டி எங்கை? எனக்கு எஞ்சினோட என்ன வேலை, நான் போர்ட்டர்." பெட்டியின்ர கதவு எந்தப் பக்கம் திறக்கும் எண்டு கேட்டம். கதவைச் சொல்லாமல் உள்ளுக்கு ஏற்றினதுகளைச் சொல்லத் தொடங்கினார்: மாம்பழக் கூடை, பிலாப்பழம், புகையிலைச் சிப்பம், முருங்கைக்காய்க் கட்டு. போனை எடுத்து ரெக்கோர்டிங்கைப் போட்டம்.