வலது காது

பிப்ரவரி 9
முடி வெட்டிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன் கத்தரியை நிறுத்தினார். “சார், வலது காது மடல்ல பொருக்கு மாதிரி இருக்கே. போன தடவையும் இருந்துச்சு.” கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் என் முகமே எனக்குத் தெரியாது; அல்பினிசம் கொடுத்த பார்வை அவ்வளவுதான். விரலால் தடவினேன். உப்புத்தாள்போல் சொரசொரப்பு.

பிப்ரவரி 10
பிய்த்தேன். ரத்தம்.

பிப்ரவரி 17
அதே இடத்தில் மறுபடியும். அம்மா அக்கி என்கிறாள். குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டால் அடங்கிவிடுமாம். அக்கி எரியும், கொப்புளம் கட்டும். இது சும்மா கிடக்கிறது. வெயில்பட்ட புண்ணாக இருக்கும் என்றால் அவள் முகம் சுருங்கிவிடும். என்னை நிழலிலேயே வளர்த்தது அவளுடைய ஒரே பெருமை.

மார்ச் 2
தோல் மருத்துவர் டார்ச்சை எடுக்கும் முன்பே விரலால் தடவிப் பார்த்தார். இந்த வகை, கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தட்டுப்படுமாம். வருஷக்கணக்கில் பட்ட வெயில். தடுக்க என் தோலில் மெலனின் இல்லை. பெரும்பாலானவை இப்படியே கிடக்கும், சில புற்றாகும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் வைத்தால் சில நொடி வேலை. அதையே செய்யுங்கள் என்றேன். “உறைய வச்சுட்டா மைக்ராஸ்கோப்புல பார்க்க ஒண்ணும் மிஞ்சாது சார். அடியில தடிப்பா இருக்கு. ஒரு துணுக்கு வெட்டி அனுப்பிரலாம்.”
காதில் பள்ளம் விழுமா?
“சின்னதா.”
யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 5
பஸ்ஸில் ஒரு குழந்தை: “அம்மா, வெள்ளைக்காரரு!” நாற்பத்தாறு வயசாகிறது, இன்னும் வெள்ளைக்காரர்தான். ஊரே திரும்பிப் பார்க்கிற ஆளுக்குக் காதில் ஒரு பள்ளம் பெரிய விஷயமா?
பெரிய விஷயம்தான்.

மார்ச் 11
தொப்பி இல்லாமல் வாசல்படி தாண்டியதில்லை. பிறகு எப்படி? அதிலும் வலது காது மட்டும்? இன்று பஸ்ஸில் பிடிபட்டது. தொப்பியின் விளிம்பு நெற்றிக்குத்தான், காதுக்கு இல்லை. மாட்டுத்தாவணியிலிருந்து நத்தம் ரோட்டுப் பள்ளிக்கு இருபத்தொரு வருஷம். பஸ்ஸில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் நாங்கள். காலையில் வடக்கே போனால் கிழக்கு வெயில் வலப்பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்பினால் மேற்கு வெயிலும் வலப்பக்கம். ஜன்னலோரம் கிடைத்த நாளெல்லாம் அதிர்ஷ்டம் என்று நினைத்திருக்கிறேன். இடது காதைத் தடவிப் பார்த்தேன். வழுவழு.
அம்மாவிடம் சொன்னேன். “பஸ்ல நானா கூட வந்தேன்?” என்றாள். கொஞ்சநேரம் கழித்து அவளே காபி கொண்டுவந்தாள்.

மார்ச் 16
வெட்டியாகிவிட்டது. மரத்துப்போகப் போட்ட ஊசிதான் வலி. துணுக்கைப் பார்மலின் குப்பியில் போட்டு, லேபில் கொடுங்கள் என்று என் கையிலேயே தந்தார்கள். அரிசிக் குருணை அளவாம். கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மட்டும் தெரிந்தது.

மார்ச் 17
தூக்கம் இல்லை.

மார்ச் 22
ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். இன்று ஆறாவது நாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. மாட்டுத்தாவணி வரை நின்றுகொண்டே வந்தேன்.