வேகம் எங்கே இருக்கிறது?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் பறந்தால் எவ்வளவு நேரம்? கால்குலேட்டரைத் தேடாதீர்கள் நண்பர்களே, 25 நிமிடம் சொச்சம்தான். ஆனால் கால அட்டவணையில் 1 மணி 15 நிமிடம், அதற்கு மேலும்கூடப் போட்டிருப்பார்கள்.

"மீதி 50 நிமிஷத்தை எவன்டா முழுங்கினான்?" என்று கேட்டான் என் அறை நண்பன். மெக்கானிக்கல் மாணவன். எஞ்சினைத் தவிர உலகத்தில் எதையும் மதிக்காதவன். சிவில் படிக்கும் என்னை "கொத்தனாரே" என்றுதான் கூப்பிடுவான்.

அவனை இன்னொரு கூத்தும் குழப்பியது. லண்டனில் 9 மணிக்குக் கிளம்பினால் பாரிஸில் 10.15 ஆக வேண்டும், அட்டவணையோ 11.15 என்கிறது. பாரிஸில் 9 மணிக்குக் கிளம்பினால் லண்டனில் 9.15! "திரும்பும்போது காத்து தள்ளுதோ?" என்றான். காற்று இல்லையப்பா, கடிகாரம். பாரிஸ் நேரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது.

சரி, அந்த 50 நிமிடம்? ஓடுபாதை வரை ஊர்ந்து போக, வரிசையில் நிற்க, மேலே ஏற, இறங்க இடம் கிடைக்கும்வரை சுற்ற. இதோடு முடிந்ததா? ஹீத்ரோவும் சார்ல் த கோல் விமான நிலையமும் நகரத்தின் நடுவிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. அந்தப் பயணம் தனி, பெட்டிச் சோதனை தனி.

இங்கேதான் ரயில் ஜெயிக்கிறது. 1994-இல் யூரோஸ்டார் ஓடத் தொடங்கியபோது லண்டனிலிருந்து பாரிஸுக்குச் சுமார் 3 மணி நேரம். 2007-இல் அதுவே 2 மணி 15 நிமிடம் ஆனது. ரயிலிலும் பாஸ்போர்ட் சோதனை உண்டுதான். ஆனால் ஏறுவதும் இறங்குவதும் நகரத்துக்குள்ளேயே.

முக்கால் மணி நேரம் குறைந்ததே, புது எஞ்சின் பூட்டினார்களா? இல்லவே இல்லை! அதே ரயில்தான். மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடக்கூடிய அந்த ரயில், பிரான்சில் பறந்துவிட்டு, இங்கிலாந்தின் பழைய தண்டவாளத்தில் 160-க்கு மேல் போக முடியாமல் தவித்தது. 2003-இல் பாதி, 2007-இல் மீதி என்று புதுப்பாதை போட்டார்கள். நேரம் குறைந்தது. ஆக, வேகம் எஞ்சினில் மட்டும் இல்லை, மண்ணிலும் இருக்கிறது. நண்பன் வாயடைத்துப் போனான் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு முழுவதும் "கொத்தனாரே" மட்டும் வரவில்லை.

இந்த ரயில் போகும் கால்வாய்ச் சுரங்கத்தின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அதில் 38 கடலுக்கு அடியில். இரண்டு கரையிலிருந்தும் தோண்டிக்கொண்டு வந்தார்கள். 1990 டிசம்பர் 1-ஆம் தேதி நடுவில் சந்தித்துக் கைகுலுக்கியவர்கள் கிரஹாம் ஃபாக், பிலிப் கோசெட். மந்திரிகள் அல்ல, சுரங்கத் தொழிலாளிகள்! பக்கவாட்டில் விலகல் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 36 சென்டிமீட்டர். நம் அரை மேசை அகலம்கூட இல்லை.

அதை என் நோட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். சர்வே கேம்ப் வெயிலில் தியோடலைட்டை மட்டம் பார்த்துக்கொண்டு, "இந்த ஒரு நிமிடக் கோணத்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று சலிப்பு வருமே, அப்போது எடுத்துப் பார்ப்பேன். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. மெக்கானிக்கல்காரர்களுக்கும் தடையில்லை!